எம்டிவி தோற்ற இடத்தில் எஸ்பிஎஸ் நின்றது எப்படி? ஆசியப் பாப் இசையும் அயல்நாட்டு இளையோரும்

தெற்குச்சிலுவை எழுதியது:

மெல்பர்னில் புலம்பெயர்ந்தோரின் மொழி நிகழ்ச்சிகளுக்கென்றே இயங்கும் ஒரு சமூக வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் நேயர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நிலையத்தின் பெயரைக்கூட அறியமாட்டார்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கொரிய, ஜப்பானிய, சீன, தாய்லாந்துப் பாப் இசைக்கு ஒதுக்கினால் இளையோர் வருவார்களா என்று நிர்வாகக் குழு ஆராயச் சொல்லியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த இழை.

எங்கள் ஆஸ்திரேலியாவில் இதற்கு முன்னோடி, பன்மொழிப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்பிஎஸ். 1975இல் மெடிபேங்க் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு விளக்குவதற்காகச் சிட்னியில் 2இஏ, மெல்பர்னில் 3இஏ என்று இரண்டு வானொலிகள் தொடங்கப்பட்டன. அவையே 1978இல் எஸ்பிஎஸ் நிறுவனத்துக்குள் வந்தன. அத்தகைய நிறுவனம் 2010இல் பாப்ஏஷியா என்ற பெயரில், ஆங்கிலத்தில் பேசும் இளம் தொகுப்பாளர்களை வைத்துக் கொண்டு, கொரியாவின் கே-பாப்பும் ஜப்பானின் ஜே-பாப்பும் சீன மாண்டரின் பாடல்களும் ஒலிக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது டிஜிட்டல் வானொலியாகவும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் வளர்ந்தது. ஆனால் ஏறக்குறைய அதே நோக்கத்தோடு, அதைவிடப் பன்மடங்கு பெரிய நிறுவனமான எம்டிவி அமெரிக்காவில் தொடங்கிய மூன்று அலைவரிசைகள் இரண்டு ஆண்டுகளைக்கூடத் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதை ஒலிபரப்புத் துறையை அறிந்தவர்கள் விளக்கினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பரே, உங்கள் குழுவின் ஒரு மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2012 ஜூலை 15 அன்று வெளியான, கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் காணொளி ஆயிற்று. அதைத் தொடக்கத்தில் உலகெங்கும் கொண்டுசென்றது எந்த நாட்டு வானொலியும் அன்று. வானொலிகள் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டன. இன்று பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பாடலைக் கேட்ட மறுகணமே அந்தக் குழுவின் மற்றப் பாடல்களை அதன் கைபேசியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஏழு மணி வரை காத்திருந்து வானொலியைத் திருப்பும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

கம்பிவடம் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வது விநியோகத்தைப் பற்றிய வரையில் சரி. ஆனால் தெற்குச்சிலுவை கேட்டது வேறு கேள்வி என்பதால் முதலில் எம்டிவியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள், கேபிள் வணிகத்தின் ஓரத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் காலம் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

எம்டிவி வேர்ல்ட் என்ற பிரிவின் கீழ் 2005 ஜூலையில் தெற்காசிய இளையோருக்காக எம்டிவி தேசி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீன அமெரிக்கர்களுக்காக எம்டிவி சாய் வந்தது. 2006 ஜூனில் கொரிய அமெரிக்கர்களுக்காக எம்டிவி கே வந்தது. 2007 ஏப்ரல் இறுதியில் மூன்றும் மூடப்பட்டன. நிகழ்ச்சிகள் மோசமானவை அல்ல. இரு பண்பாடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளின் நகைச்சுவை, அவர்கள் வீட்டுச் சண்டைகள், ஆசியாவிலிருந்து வரும் பாடல்கள், அமெரிக்காவிலேயே பாடும் ஆசியக் கலைஞர்கள் என்று நல்ல கலவையாகத்தான் இருந்தன. தொகுப்பாளர்களும் அந்தப் பிள்ளைகளைப் போலவே பேசினார்கள்.

தவறு விற்பனை முறையில் இருந்தது. இந்த அலைவரிசைகள் எல்லாருக்கும் கிடைக்கும் அடிப்படைத் தொகுப்பில் இடம்பெறவில்லை. கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் சிறப்புத் தொகுப்புகளில் இருந்தன. சிறப்புக் கட்டண முறை எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது என்பதுதான் மூடும்போது நிறுவனம் சொன்ன காரணம். அதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மொழித் தொகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் பெற்றோர், அவர்கள் அதை வாங்குவது தாய்நாட்டுத் தொடர்களுக்காகவும் செய்திகளுக்காகவும். எம்டிவி யாருக்காக நிகழ்ச்சி தயாரித்ததோ அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் கல்லூரி விடுதியில் இருந்தாள். அங்கே அந்தத் தொகுப்பு கிடையாது. பணம் கொடுப்பவருக்கு அந்த நிகழ்ச்சி தேவையில்லை, தேவைப்பட்டவருக்கு அது கிடைக்கவில்லை.

காலமும் எதிராக இருந்தது. யூடியூப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2005இல்; எம்டிவி கே தொடங்கிய 2006ஆம் ஆண்டு இறுதிக்குள் கூகுள் அதை வாங்கியிருந்தது. விடுதியறைப் பெண் தனக்கு வேண்டிய கொரியப் பாடலை அங்கே பார்த்துக்கொண்டாள். இந்த அளவுக்குக் கணக்குப்பிள்ளையின் வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் எஸ்பிஎஸ் தொடங்கிய 2010இலும் அதே யூடியூப் இருந்தது, இன்னும் வலிமையாகவே இருந்தது. ஆகவே யூடியூப் மட்டுமே எம்டிவியைக் கொன்றது என்று சொல்ல முடியாது.

தெற்குச்சிலுவை எழுதியது:

கம்பிவடத்துக்கு நன்றி. நீங்கள் விட்ட இடத்திலிருந்து எஸ்பிஎஸ் பக்கத்தைத் தொடர்கிறேன்.

முதலாவதாக, அதைக் கேட்கவும் பார்க்கவும் தனிக் கட்டணம் இல்லை. இரண்டாவதாக, இடப் பிரச்சினை தற்செயலாகத் தீர்ந்திருந்தது. எஸ்பிஎஸ்ஸின் பழைய அலைவரிசைகளில் ஒவ்வொரு மொழிக்கும் மணிக்கணக்கில் நேரம் பங்கிடப்பட்டிருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்து பங்கீடு மாறும் ஒவ்வொரு முறையும் எந்தச் சமூகத்தின் நேரத்தைக் குறைப்பது என்ற சச்சரவு எழும். அங்கே போய்க் கொரியப் பாடலுக்கு இடம் கேட்டிருந்தால் ஒரு கிரேக்கப் பாட்டியின் செய்தி நேரத்தைப் பறித்ததாகத்தான் ஆகியிருக்கும். 2009இல் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், அடிலெய்டு, பெர்த் ஆகிய 5 நகரங்களில் டிஜிட்டல் வானொலி வந்ததும் காலியான வழித்தடங்கள் கிடைத்தன. யாருடைய நேரத்தையும் தொடாமல் இளையோருக்கு ஒரு நிலையம் அமைக்க முடிந்தது.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1991ஆம் ஆண்டின் எஸ்பிஎஸ் சட்டம் அந்த நிறுவனத்தை அனைத்து ஆஸ்திரேலியர்களுக்கும் உரிய பன்மொழிச் சேவை என்று வரையறுக்கிறது. பாப்ஏஷியா அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது. கொரியப் பிள்ளைக்குக் கொரியப் பாடல், சீனப் பிள்ளைக்குச் சீனப் பாடல் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தது. வியட்நாமியப் பெற்றோருக்குப் பிறந்த பையனும் கிரேக்கப் பேரனும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பெண்ணும் அதே நிகழ்ச்சிக்கு எழுதினார்கள். என் மகளின் வகுப்பில் கே-பாப் நடனக் குழுவில் இருந்தவர்களில் கொரிய வம்சாவளியினர் ஒருவரும் இல்லை.

பர்மிங்காம்வாசி எழுதியது:

பிரிட்டனிலிருந்து ஒரு மாறுபட்ட பார்வை. எங்கள் ஊரில் தெற்காசியருக்கான பிபிசி ஏஷியன் நெட்வொர்க் வானொலி இருக்கிறது. லெஸ்டர் உள்ளூர் வானொலியில் 1970களில் ஒரு மாலை நிகழ்ச்சியாகத் தொடங்கிய அது, 1988இல் மிட்லண்ட்ஸ் பகுதியின் மத்திய அலையில் இப்பெயரைப் பெற்று, 2002இல் டிஜிட்டல் வழியே நாடு தழுவிய நிலையமாயிற்று. அங்கே கொரியப் பாடலுக்கு வேலையில்லை. பஞ்சாபியும் இந்தியும்தான் நெடுங்காலம் கோலோச்சின. தமிழ்ப் பாடல் வந்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்வோம், அவ்வளவு அருமை.

ஆனால் ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்தால் தோற்றுவிடும் என்று நீங்கள் இருவரும் எட்டும் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1980களின் பாங்ரா என்ற பஞ்சாபி நடன இசையை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்காம், சவுதால் போன்ற இடங்களில் உருவான குழுக்களின் ஒலிநாடாக்கள் ஏராளமாக விற்றன. இரவில் வெளியே செல்ல வீட்டில் அனுமதி கிடைக்காத பிள்ளைகள், வகுப்பைத் துறந்து பட்டப்பகலில் நடக்கும் நடன அரங்குகளுக்குத் திரண்டார்கள். அந்த நாடாக்கள் விற்றதோ மளிகைக் கடைகளிலும் புடவைக் கடைகளிலும். தரவரிசைக்குக் கணக்குத் தரும் இசைத்தட்டுக் கடைகளில் அவை விற்கவில்லை என்பதால் பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் இல்லாததால் பெரிய வானொலிகள் ஒலிபரப்பவில்லை. 1989இல் லண்டனில் சன்ரைஸ் ரேடியோ முழுநேர ஆசிய வானொலியாக உரிமம் பெற்று வந்தபோதுதான் அந்த இசைக்கு நாள் முழுவதும் ஒரு வீடு கிடைத்தது.

பிபிசி 2010 மார்ச்சில் செலவைக் குறைக்க ஏஷியன் நெட்வொர்க்கை மூடப்போவதாக அறிவித்தது. நேயர்களும் கலைஞர்களும் எதிர்த்தார்கள். மறு ஆண்டு, குறைக்கப்பட்ட நிதியோடு அது பிழைத்தது. அதே வேளையில் மூடப்படவிருந்த பிபிசியின் 6 மியூசிக் நிலையத்தைக் காப்பாற்ற எழுந்த ஆரவாரத்தோடு ஒப்பிட்டால் எங்கள் குரல் மெலிந்ததுதான். இருந்தாலும் அந்த நிலையம் இல்லையென்றால் லூட்டனிலோ பிராட்ஃபோர்டிலோ தன் அறையில் பாட்டமைக்கும் ஒரு பிரிட்டிஷ் ஆசியப் பெண்ணின் முதல் பாடலை யார் ஒலிபரப்புவார்கள்? சியோலிலிருந்து வரும் குழுவுக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் நிற்கிறது. இவளுக்கு யாரும் இல்லை. தெற்குச்சிலுவை, உங்கள் ஒரு மணி நேரத்தில் மெல்பர்னிலேயே வாழும் ஆசியக் கலைஞர்களுக்கு எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

இந்த இழையில் நான்தான் வயதில் இளையவளாக இருப்பேன் என்று நினைக்கிறேன். வானொலி தேவையில்லை என்று கணக்குப்பிள்ளை ஐயா சொல்கிறார். ஆனால் நாங்கள் யாருடைய கதவை ஓயாமல் தட்டினோம் தெரியுமா? வானொலியின் கதவைத்தான்.

பிடிஎஸ் என்ற கொரியக் குழுவின் அமெரிக்க ரசிகர்கள் 2017இல் 50 மாநிலங்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களை அமைத்துக்கொண்டு உள்ளூர் நிலையங்களுக்குப் பாடல் கேட்டு எழுதினார்கள். நிலையங்களிடம் எப்படிப் பணிவாகப் பேசுவது, எந்த நேரத்தில் அழைப்பது, ஒலிபரப்பினால் எப்படி நன்றி சொல்வது என்று கையேடுகள்கூடத் தயாரித்தார்கள், பூச்செண்டு அனுப்பினார்கள். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஹாட் 100 என்ற தனிப்பாடல் பட்டியல் விற்பனை, இணையவழிக் கேட்பு, வானொலி ஒலிபரப்பு மூன்றையும் கூட்டித்தான் கணக்கிடுகிறது. முதல் இரண்டையும் ரசிகர்கள் தம் உழைப்பால் உயர்த்திவிட முடியும். மூன்றாவது மட்டும் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கையில் இருந்தது, அவரோ கொரிய மொழிப் பாடலென்றால் தயங்கினார். 2018இல் பிடிஎஸ்ஸின் கொரிய மொழித் தொகுப்பு ஒன்று பில்போர்டின் இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்த பிறகும் வானொலிகள் அதே தயக்கத்தோடுதான் இருந்தன. தனிப்பாடல் பட்டியலில் அவர்கள் முதலிடம் பெற்றது 2020இல், முழுவதும் ஆங்கிலத்தில் பாடிய பாடலுக்கு. அந்தப் பாடலைத்தான் வானொலிகள் தாராளமாக ஒலிபரப்பின.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தங்கை எடுத்துக்காட்டை ஓராண்டு முன்பே நிறுத்திவிட்டார். அதே 2020 டிசம்பரில், பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த அவர்களுடைய மற்றொரு பாடல் வந்த வாரமே நேரடியாக முதலிடத்தில் அமர்ந்தது. வானொலியில் அது ஏறக்குறைய ஒலிக்கவே இல்லை. வானொலி இல்லாமலே உச்சியைத் தொடலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நிலாமுற்றம் எழுதியது:

ஐயா, ஆண்டு ஒன்றுதான். வேறுபாடு சில மாதங்களே. நீங்கள் சொன்ன பாடல் அடுத்த வாரம் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். 28ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. வானொலியில் ஒலித்த ஆங்கிலப் பாடலோ பல மாதங்கள் பட்டியலில் நிலைத்தது. ரசிகர்கள் ஒரு வாரத்துக்கு ஒரு பாடலை உச்சியில் நிறுத்த முடியும். ரசிகர் அல்லாத ஒருவர் காரோட்டிக்கொண்டே தற்செயலாக அதைக் கேட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி தேடும்படி செய்ய எங்களால் முடியாது. கைபேசி எனக்குப் பிடித்ததையே மேலும் மேலும் தருகிறது. எனக்குத் தெரியாததை என் அண்டை வீட்டுக்காரருக்கு அது தரவே தராது.

சிற்றலைநேயர் எழுதியது:

தூத்துக்குடிப் பக்கத்துக்காரன் என்பதால் கடல் கடந்து வரும் பாட்டு எனக்குப் புதிதன்று. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசைக்கு ஏறக்குறையக் கதவடைத்தபோது, இந்திய இளையோர் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். வடக்கே அமீன் சயானியின் குரல். எங்கள் பக்கத்தில் மயில்வாகனத்தின் குரல். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் தன் படைவீரர்களுக்காக அமைத்த வலுமிக்க சிற்றலைக் கருவி போருக்குப் பின் கொழும்பின் கைக்கு வந்ததால்தான் அது இயன்றது. தில்லி 1957இல் விவித பாரதியைத் தொடங்கியதே அந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான். ஓர் அரசு ஓர் இசையைத் தன் இளையோருக்கு மறுத்தால் அண்டை நாட்டு வானொலி வளர்கிறது என்பதற்கு நம் வீட்டிலேயே இருக்கும் சான்று இது.

ஆனால் நீங்கள் எல்லாரும் வணிக நிறுவனங்களையும் பொது ஒலிபரப்பையும் பற்றியே பேசுகிறீர்கள். பாப் இசையை அயல்நாட்டுக்கு அனுப்புவதில் அரசுகளுக்கு இருக்கும் பங்கை விட்டுவிட்டீர்கள். கொரியாவின் அரிராங் தொலைக்காட்சி 1997இல், நாட்டை உலகுக்கு அறிமுகம் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. கொரியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான கேபிஎஸ்ஸின் கேபிஎஸ் வேர்ல்ட் தொலைக்காட்சி 2003இல் வந்தது. அதே நிறுவனத்தின் அயல்நாட்டு வானொலி 1953இல், போர் ஓய்ந்த சில வாரங்களில், 'சுதந்திரக் கொரியாவின் குரல்' என்று தொடங்கியது. இன்று 11 மொழிகளில் ஒலிபரப்புகிறது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. சீன வானொலி 1963 முதல் தமிழில் பேசி, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட நேயர் மன்றங்களைக் கண்டது என்பதை நினைக்கும்போது கொரியர்கள் இங்கே ஒரு வாய்ப்பை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே 2005 அக்டோபரில் ஜே-மெலோ என்ற இசை நிகழ்ச்சியை முழுவதும் ஆங்கிலத்தில் தொடங்கியது. உலகெங்குமிருந்து வரும் நேயர் விருப்பங்களை வைத்தே நிகழ்ச்சிகளை அமைத்தது. நேயர் கடிதத்துக்குப் பதில் எழுதும் பழைய சிற்றலைப் பழக்கம் அதில் அப்படியே தெரிந்தது. எனக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

இன்னொரு செய்தி. கொரிய அலை என்று இன்று சொல்லப்படும் பெருக்கின் தொடக்கத்தில் யூடியூப் இல்லை, வானொலி இருந்தது. 1997இல் பெய்ஜிங் வானொலியில் 'சியோல் இசையறை' என்ற நிகழ்ச்சி ஒலிபரப்பாகத் தொடங்கியது. கொரிய நிறுவனம் ஒன்று தயாரித்துக் கொடுத்த நிகழ்ச்சி அது. 2000 பிப்ரவரியில் எச்.ஓ.டி. என்ற கொரியக் குழு பெய்ஜிங்கில் மேடையேறியபோது அரங்கை நிறைத்த சீனப் பிள்ளைகளில் பலர் அந்தப் பாடல்களை ஏற்கெனவே அறிந்திருந்தது இப்படிப்பட்ட ஒலிபரப்புகளால்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தென்கொரிய இராணுவம் எல்லைக்கு அப்பாலுள்ள வடகொரிய இளம் படைவீரர்களுக்கும் இதே பாப் இசையைத்தான் அனுப்பியது. 2010இல் தென்கொரியாவின் சியோனான் போர்க்கப்பல் மூழ்கியதைத் தொடர்ந்து மே மாதம் மீண்டும் தொடங்கிய எஃப்எம் ஒலிபரப்பில் 4மினிட் என்ற பெண்கள் குழுவின் பாடல் இடம்பெற்றது. 2016 ஜனவரியில் வடகொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் எல்லையோர ஒலிபெருக்கிகள் மறுபடி முழங்கின. 2018 ஏப்ரலில் தலைவர்களின் சந்திப்புக்கு முன் அவை அடங்கின. 2024 ஜூனில் திரும்பத் தொடங்கி, 2025 ஜூனில் தென்கொரியாவில் புதிய அதிபர் வந்ததும் நிறுத்தப்பட்டன. வடகொரியா 2020இல் இயற்றிய சட்டம் தென்கொரியப் பண்பாட்டுப் படைப்புகளைப் பார்ப்பதற்கும் பரப்புவதற்கும் கடுந்தண்டனை விதிக்கிறது. மெல்பர்ன் பிள்ளைக்கு இன்பமாக இருக்கும் அதே பாடல் அங்கே ஒருவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு செலவில் போகும் இசையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சிற்றலைநேயர் ஐயாவின் வாதம் ஓரிடத்தில் இடறுகிறது. அரசு செலவும் நல்ல நிகழ்ச்சியும் போதுமென்றால் ஜப்பான் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? ஜப்பானின் இசைச் சந்தை உலகில் இரண்டாவது பெரியது. ஜே-மெலோவும் இருந்தது. ஆனாலும் மெல்பர்ன் பள்ளியில் நடனமாடும் பிள்ளைகள் கொரியப் பாடலுக்குத்தானே ஆடுகிறார்கள்?

கம்பிவடம் எழுதியது:

அதற்கு விடை அந்தச் சந்தையின் அளவிலேயே இருக்கிறது. உள்நாட்டிலேயே குறுந்தட்டுகள் நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்ததால் ஜப்பானிய நிறுவனங்களுக்கு அயல்நாட்டு நேயர் ஒரு பொருட்டாகவே படவில்லை. காணொளிகளை யூடியூபில் பாதியாக வெட்டிப் போட்டார்கள், அல்லது வெளிநாட்டில் தெரியாதபடி தடுத்தார்கள். அராஷி போன்ற முன்னணிக் குழு யூடியூபுக்கும் இணையவழிக் கேட்புக்கும் வந்ததே 2019 அக்டோபரில்தான். என்எச்கே ஒரு பாடலை உலகுக்கு அறிமுகப்படுத்தும். அதைக் கேட்டு விரும்பிய பிரேசில் நாட்டுப் பிள்ளை முழுப் பாடலைத் தேடினால் கிடைக்காது. கொரியாவின் உள்நாட்டுச் சந்தை சிறியது. குறுந்தட்டு விற்பனை 2000களின் தொடக்கத்திலேயே சரிந்துவிட்டது. வெளியே போகாமல் அவர்களுக்கு வழியில்லை. அதனால் காணொளியை இலவசமாக இறைத்துவிட்டு, நிகழ்ச்சிக் கட்டணத்திலும் பொருள் விற்பனையிலும் ஈட்டினார்கள்.

ஆக, ஒலிபரப்பு ஒரு கதவைத் திறக்கலாம். உள்ளே சரக்கு இருக்க வேண்டும். இதில் கணக்குப்பிள்ளைக்கும் எனக்கும் பகையில்லை.

தெற்குச்சிலுவைக்கு நடைமுறை சார்ந்த ஒரு செய்தி. உங்கள் நிலையம் ஆப்ரா, பிபிசிஏ இரண்டிடமும் ஒட்டுமொத்த உரிமம் பெற்றிருக்கும். ஆப்ரா இயற்றியவர்களுக்கான தொகையையும், பிபிசிஏ ஒலிப்பதிவு உரிமையாளர்களுக்கான தொகையையும் வாங்கித் தருகின்றன. வெளிநாட்டுச் சங்கங்களோடு அவற்றுக்கு இருக்கும் உடன்படிக்கைகளால், ஒவ்வொரு கொரிய நிறுவனத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுதாமல் பாடலை ஒலிபரப்பலாம். ஆனால் அதே நிகழ்ச்சியைப் பிறகு கேட்கும்படி பாட்காஸ்டாக ஏற்றுவது வேறு உரிமை. அங்கே பாடலை நீக்கிப் பேச்சை மட்டும் வைக்க நேரிடும். அதனால் பேச்சு தனியே நிற்கும் தரத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்த பல நிகழ்ச்சிகளில் பாடலை எடுத்துவிட்டால் எஞ்சுவது பாடகர்களின் பிறந்தநாள் வாழ்த்து மட்டுமே.

பர்மிங்காம்வாசி எழுதியது:

கம்பிவடத்தின் கடைசி வாக்கியத்தை எங்கள் ஊர் நிலையங்கள் சிலவற்றின் சுவரில் எழுதி ஒட்டலாம்.

நேர வேறுபாட்டையும் கவனியுங்கள். வாரந்தோறும் முதலிடப் பாடலைத் தேர்ந்தெடுக்கும் கேபிஎஸ்ஸின் மியூசிக் பேங்க் நிகழ்ச்சி வெள்ளிக்கிழமைதோறும் சியோலில் மாலை 5 மணியளவில் தொடங்குகிறது. 2010 முதல் கேபிஎஸ் வேர்ல்ட் வழியாகப் பல நாடுகளுக்கு நேரலையாகவும் செல்கிறது. எங்களுக்கு அது காலை 8 அல்லது 9 மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். நியூயார்க்கில் விடியற்காலை 3 அல்லது 4. மெல்பர்னிலோ மாலை 6 அல்லது 7. ஆசிய இசையை உடனுக்குடன் பின்தொடர இவ்வளவு வசதியான நேரத்தில் இருக்கும் ஆங்கில நாடுகள் உங்களுடையதும் நியூசிலாந்தும்தான். பாப்ஏஷியா நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், உங்கள் பட்டியலில் இது இல்லை.

நிலாமுற்றம் எழுதியது:

இதை வழிமொழிகிறேன். நேரலை முடிந்த உடனே யார் வென்றார்கள், யார் மேடையில் அழுதார்கள் என்று பேசுவதற்கு எங்களுக்கு ஆள் வேண்டும். இணையத்தில் பேசலாம், ஆனால் அங்கே ஒவ்வொரு குழுவின் ரசிகர்களும் அடுத்த குழுவின் ரசிகர்களோடு மல்லுக்கு நிற்கிறார்கள். எல்லாக் குழுக்களையும் சமமாக நடத்தும் ஒரு தொகுப்பாளரின் குரல் எங்களுக்கு அருமையானது. ஒரே ஒரு வேண்டுகோள்: பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவரை அமர்த்துங்கள். தவறாக உச்சரித்தால் இளையோர் அந்த நொடியே எழுந்து போய்விடுவார்கள்.

தெற்குச்சிலுவை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நிர்வாகக் குழுவுக்கு அனுப்பவிருக்கும் முன்மொழிவின் சாரத்தை இங்கே எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி டிஜிட்டல் தடத்தில் அமையும். மொழி நிகழ்ச்சி எதன் நேரமும் எடுக்கப்படாது. ஆங்கிலத்தில் நடக்கும். வெள்ளிக்கிழமை மியூசிக் பேங்க் முடிந்ததும், அதாவது குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கும் கோடையில் 9 மணிக்கும் தொடங்கும். நாடு பார்த்துப் பிரிக்காமல் பாடல்கள் ஒரே வரிசையில் வரும். பர்மிங்காம்வாசி கேட்டபடி மணிக்குப் பதினைந்து நிமிடம் இந்த ஊர்க் கலைஞர்களுக்கு. அதில் தமிழில் பாடுகிறவர்களும் வரலாம் என்பது என் விருப்பம். குழுவில் ஒருவர் அதை எதிர்க்கிறார். கிழக்காசிய இசைக்கென்று விளம்பரப்படுத்திவிட்டுத் தமிழ் ராப் ஒலித்தால் கேட்க வந்தவர் குழம்புவார் என்பது அவர் வாதம். எஸ்பிஎஸ்ஸும் தெற்காசிய இசைக்குப் பாப்தேசி என்று தனித் தடம்தான் அமைத்தது என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எஸ்பிஎஸ்ஸுக்குப் பல தடங்கள் இருந்தன. எங்களுக்கு இருப்பது ஒரு மணி நேரம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரவு 8 மணி, 9 மணி என்று மாறிக்கொண்டே இருந்தால் நேயருக்கு நினைவில் நிற்காது. சியோல் கடிகாரம் மாறாது, உங்கள் கடிகாரம்தான் மாறுகிறது; அதனால் ஆண்டு முழுவதும் 9 மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் தொடங்கினால் ஒழுங்காகத் தொடங்குங்கள்.

தெற்குச்சிலுவை எழுதியது:

9 மணி என்றே மாற்றிவிட்டேன், ஐயா. நிலாமுற்றம், பெயர்களின் உச்சரிப்பைப் பதிவுசெய்து அனுப்ப உங்களுக்கு நேரம் கிடைக்குமா? தாய்லாந்துப் பெயர்களையும் சேர்த்து அனுப்பினால் நன்றாக இருக்கும்; எங்களிடம் இருக்கும் தொகுப்பாளருக்குக் கொரியம் மட்டும்தான் பழக்கம்.